இடது பக்கத்து ஜாடி

மார்ச் 4

சில்வண்டின் அம்மாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன், கடிதம் போட்டால் படிப்பதும் படிக்காததும் என் இஷ்டம் என்று சொல்லியிருந்தாய். உன் இஷ்டத்தை நம்பி எழுதுகிறேன். எப்படியும் இங்கே போனுக்கு வழியில்லை. ஆலை இருக்கும் பள்ளத்தில் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஆபீஸ் அறையில் கம்பி போட்ட பழைய போன் ஒன்று இருக்கிறது. கை போனது, கால் போனது என்றால் மட்டும் அதைத் தொடலாம்.

நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் உனக்கு எழுதியதெல்லாம் கிழித்துப் போட்டவை. இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, தபால்தலையை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விதையின் தோலை நீக்கும் மெஷின், அதற்குக் கீழே சல்லடைகள், பக்கத்தில் உமியை ஊதித் தள்ளும் காற்றாடி. இந்த மூன்றும் என் பொறுப்பு. காலையில் சன்னல் வழியே வெயில் சாய்வாக விழும்போது உமித்தூசி எழும்பி அப்படியே நிற்கும், கீழே இறங்குவதே இல்லை. அதற்குள் வேலை செய்கிறவர்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்கள் மாதிரி மெதுவாகத் தெரிவார்கள். முதல் மாதம் எனக்கு மூச்சு முட்டியது. இப்போது அந்த வெளிச்சத்துக்காகவே சீக்கிரம் போய்விடுகிறேன்.

விதையின் பெயர் ஹெம்ப். இந்த இடத்தில் நீ புருவத்தைத் தூக்குவாய் என்று தெரியும். ஆமாம், கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடிதான். ஆனால் இது போதை ஏற்றாத ரகம், விதைக்காகவே வளர்ப்பது. மிளகைவிடச் சின்னது, சாம்பல் நிறம். தோலை எடுத்தால் உள்ளே வெள்ளையாக, அங்கங்கே இளம்பச்சை படர்ந்த ஒரு துணுக்கு. வாயில் போட்டால் பெரிதாக மெல்ல வேண்டியதில்லை. கொழுப்பு நிறைந்த விதை, நாக்கிலேயே இழைந்துவிடும்.

பேக்கிங் அறையில் ஒரு அக்கா இருக்கிறார். அவருக்குப் பால் ஆகாது. தினமும் ஒரு கை விதையும் மூன்று கை தண்ணீரும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றுவார். ஊறவைப்பதில்லை, வடிகட்டுவதில்லை. வெள்ளையாகப் பால் வந்துவிடும். அவர் அதைக் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பெண் சில்வண்டுதான் ஞாபகம். பால் ஆகாது, வேர்க்கடலை ஆகாது, முந்திரி ஆகாது என்று ஏழு வயதில் எத்தனை 'ஆகாது' கேட்டுவிட்டாள். பள்ளியில் எடை பார்த்த சீட்டை அவள் மடித்து மடித்து விரல்நகம் அளவுக்கு ஆக்கி என்னிடம் கொடுத்த நாள் மறக்கவில்லை.

ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். அதன் மேல், உள்ளே என்ன, எந்தத் தேதியில் தோல் எடுத்தது, அதற்கு முன் அந்த மெஷினில் என்ன ஓடியது என்று எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். இங்கே ஹெம்ப் தவிர வேறெதுவும் அந்த மெஷினில் ஓடுவதில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் காலிச் சாக்குகள் மேல் அரை மணி நேரம் சாய்வேன். கண்ணை மூடினால் நம் சமையலறைதான். அலமாரியில் உன் கண்ணாடி ஜாடிகள், ஒன்றிலும் பெயர் இல்லை. நான் இடது பக்கத்து ஜாடியைத் திறக்கிறேன். அதிலிருந்து உமித்தூசி எழும்பி அறை முழுக்க நிற்கிறது. அதற்குள் எங்கேயோ அவள் சிரிக்கிறாள், கண்ணுக்குத் தெரியவில்லை.

அவளைக் கேட்டதாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

ஃபிட்டர்

*

மார்ச் 13

ஆலை ஃபிட்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு மாதம் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்துவிட்டு, கஞ்சாவின் சித்தப்பா மகனைப் பொட்டலம் கட்டி என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தபால்காரர் வாசலில் நின்று மோந்து பார்த்தார். எனக்கு மானம் போனது.

மருந்துக்கடையில் இருப்பவளிடம் வந்து விதை மகிமை பாடுகிறீர்கள். மாதத்துக்கு ஒரு விதை இந்தக் கவுன்டருக்கு வருகிறது. போன மாதம் வந்த விதை முடி வளர்த்தது, அதற்கு முந்தையது மூட்டுவலியை விரட்டியது. உங்களுடையது என்ன, கோபத்தைக் குறைக்குமா?

பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். லேபிள் நன்றாக இருந்தது. காலம் போன பிறகு கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கனவு காண்கிறீர்கள். நான் அன்று டாக்சியின் பின் சீட்டில் இருந்தேன். அவள் உதடு வீங்கி, கழுத்து வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. நீங்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, "நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

நம் வீட்டில் இரண்டே பிஸ்கட் ஜாடி. இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் நம்முடையது. அவள் பிறந்து பல் முளைத்ததிலிருந்து அதே இடம். வலது பக்கத்து ஜாடியிலிருந்து முந்திரி பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்க உங்களுக்குக் கை எப்படி வந்தது? லேபிள் ஒட்டாதது என் தப்பு என்று அன்று உங்கள் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார். நாள் முழுக்க நான் லேபிள் ஒட்டுகிறேன். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், நன்றாகக் குலுக்கவும். வீட்டுக்கு வந்தால் எழுத்தே இல்லாத கண்ணாடி வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதுகூடவா பெரிய ஆசை?

இனிமேல் உங்கள் கையால் அவள் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அதை நான் திரும்பப் பெறவில்லை.

அவள் நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. பேசினால் காற்று வருகிறது. சாப்பாடுதான் இறங்கமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரி

*

மார்ச் 22

சில்வண்டின் அம்மாவுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பெண் பார்க்க வந்த அன்றே "நீ காபில சக்கர போட்டுக்குவியா?" என்று கேட்டு என் அம்மாவைத் திகைக்க வைத்தவள் நீ. அந்த மரியாதை எனக்குக் குளிர்கிறது.

குப்பையில் போட்டது பரவாயில்லை. இங்கே விதைக்கு என்ன பஞ்சம்?

நீ கிண்டல் செய்ததால், நோட்டீஸில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, இங்கே தரம் பார்க்கும் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டேன். மூன்று மேசைக்கரண்டியில் ஒன்பது கிராம் அளவுக்குப் புரதம். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத புரதத் துண்டுகள் எல்லாமே அதில் இருக்கின்றன. கொழுப்பு பதினைந்து கிராம் போல, பெரும்பாலும் நல்ல கொழுப்பு. மக்னீசியம் நிறைய, இரும்பும் துத்தநாகமும் ஓரளவு. தோல் நீக்கியதில் நார்ச்சத்து குறைவு. கால்சியம் பெரிதாக இல்லை, அதனால் பாலுக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். முடி வளராது. மூட்டுவலி போகாது. கோபத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

சாப்பிட முறை எல்லாம் ஒன்றும் இல்லை. கஞ்சியில் தூவலாம், சூப்பில், நறுக்கின பழத்தில் தூவலாம், ரொட்டி மாவில் பிசையலாம். இதன் எண்ணெயை அடுப்பில் காய்ச்சக் கூடாது, இறக்கிய பிறகு மேலே விட்டுக்கொள்ள வேண்டும். பிரித்த பாக்கெட் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். முதலில் ஒரு கரண்டிக்கு மேல் போனால் வயிறு இளகும். நான் ஆசைப்பட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டு இதைத் தெரிந்துகொண்டேன். விவரம் வேண்டாம்.

வயல் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. விடிகிற நேரத்தில் பனி அதற்குள் நுழைந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. ஆலைக்குப் போகும் வழி நடுவில்தான். இரண்டு பக்கமும் இலை உரசும் சத்தம். அவள் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது இதற்குள் கேட்கிறது. நின்று பார்த்துவிட்டு நடப்பேன். தினமும் நிற்கிறேன்.

முன்பல் இரண்டும் எங்கே? வைத்திருக்கிறாயா?

ஃபிட்டர்

*

ஏப்ரல் 2

ஃபிட்டர் அவர்களுக்கு,

முன்பல் இரண்டும் மருந்துச் சீசாவில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கெட்டைக் குப்பையில் போடவில்லை. அப்படி எழுதிவிட்டேன், கை அப்படி எழுதியது. பாக்கெட் ஃபிரிட்ஜில் கத்தரிக்காய்க்குப் பின்னால் இருந்தது. அவள் பள்ளிக்குப் போன பிறகு தினமும் ஒரு கரண்டி நானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாய்க்குப் போவதற்கு முன் என் வாய்க்கு வர வேண்டும், அவ்வளவுதான். ருசி என்று தேடினால் இருக்கிறது. காலை கஞ்சியில் போட்டால் பத்து மணிப் பசி பதினொன்றரை வரை வருவதில்லை. இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம் சிரிப்பாக இருக்கிறது. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து விடிகாலையில் ஒரு கனவு வருகிறது. நான் பார்த்தே இராத வயல். எனக்கு முன்னால் அவள் ஓடுகிறாள், செடிகளுக்கு மேலே அவள் ரிப்பன் மட்டும் தெரிகிறது. நான் கூப்பிடவில்லை, பயமாகவும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள், பிடித்துக்கொள்வார்கள் என்று கனவில் எனக்குத் தெரிந்திருக்கிறது. விதைக்கும் கனவுக்கும் சம்பந்தமில்லை என்று மருந்துக்கடைக்காரியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அவளுடைய டாக்டரிடம் கேட்டேன். இந்த விதைக்கும் ஒவ்வாமை வரலாம், அபூர்வம், ஆனாலும் வீட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றார். ஏப்ரல் இருபதாம் தேதி கிளினிக்கில் வைத்து, முதலில் தோலில் குத்திப் பார்த்து, பிறகு துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நிறையச் சாப்பிடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அந்த மாத்திரை சாப்பிடும் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒரு கரண்டி கொடுத்திருந்தேன், ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஆகவே புதிதாக ஒரு பாக்கெட் வேண்டும். பழையது தீர்ந்துவிட்டது. யார் தீர்த்தது என்று கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "எனக்கு எங்க?" என்றாள். அவள் இப்போது தானாகப் படிக்கிறாள், எழுத்தெழுத்தாக, விரலை வைத்துக்கொண்டு.

மருந்துக்கடைக்காரி

*

ஏப்ரல் 12

சில்வண்டின் அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தபால் வண்டி வாசலில் நிற்கிறது. கிளினிக்குக்குப் பாக்கெட் இதோடு வருகிறது. மெஷினைக் கழற்றிப் பல் பல்லாகத் தேய்த்துக் கழுவிவிட்டு முதலில் விழுந்த விதை இது. மற்றவர்களுக்குப் போகிற மாதிரி போகக் கூடாது என்று பேக்கிங் அறைக்கு நானே எடுத்துப் போய், நல்ல காகிதத்தில் சுற்றி, கம்பியால் இரட்டை முடிச்சு போட்டேன். லேபிள் அவளுக்காக எழுதியது. கொஞ்சம் நீளமாகிவிட்டது.

நீ சாப்பிட்டாய் என்று படித்துவிட்டு அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஃபிட்டர்

*

ஏப்ரல் 17

சில்வண்டின் அம்மாவுக்கு,

போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். "வணக்கம், மருந்துக்கடை" என்று உன் குரல் கேட்டதும் எனக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. ஒன்பது மாதம் கழித்துப் பேசுகிறவன் சொல்ல எத்தனையோ இருக்க, "அந்தப் பாக்கெட்டைத் திறக்காதே" என்று மட்டும் சொல்லி, நீ ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டேன். அப்புறம் கடையின் ஃபேன் சத்தம். யாரோ வந்து இருமல் மருந்து கேட்கும் சத்தம். வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

நடந்தது இதுதான். இன்று மத்தியானம் பேக்கிங் அக்காவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் பெண்ணுக்கு எந்த மேசையில் வைத்துப் பொட்டலம் கட்டினாய் என்று கேட்டார். சன்னலோர மேசை என்றேன். அவர் கை நின்றுவிட்டது. நான் கட்டியதற்கு முந்தின நாள் அந்த மேசையை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர்கள் அதில் கொட்டிப் பிரித்தது வேர்க்கடலை.

மெஷினைத்தான் தேய்த்தேன். மேசையைப் பார்க்கவில்லை. பேசாமல் மெஷினோடு சேர்ந்த குழாயிலேயே பையைப் பிடித்து ஒட்டியிருந்தால் ஒன்றும் இல்லை, மற்ற பாக்கெட்டெல்லாம் அப்படித்தான் போகிறது. இவளுக்கு ஸ்பெஷலாகச் செய்கிறேன் என்று கிளம்பி இப்படிச் செய்துவிட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முழுக்க என் தப்பு.

பாக்கெட் திறந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. திரும்ப அழைத்தேன், கடையில் இருந்த பெண் நீ வரவில்லை என்றாள். இன்னொரு முறை அழைக்கப் போகிறேன். ஆபீஸ் அறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபிட்டர்

*

ஏப்ரல் 18

ஃபிட்டருக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள். நேற்று சாயங்காலம் நீங்கள் மூன்றாவது முறை அழைத்தபோது கடைப்பெண் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

கவுன்டரைத் தாண்டி எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வெள்ளைக் கோட்டோடு தெருவில் ஓடினேன். பள்ளி விட்டு வந்து அவள் தையல்காரம்மா வீட்டில் இருக்கும் நேரம் அது. தபால் மத்தியானமே வந்து அங்கேதான் இருந்திருக்கிறது. நான் உள்ளே நுழையும்போது வெட்டிய துணிகளுக்கு நடுவில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாக்கெட் மடியில்.

என் முகத்தைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள். "பிரிக்கலம்மா" என்றாள். "அப்பா எழுதினத இன்னும் படிச்சு முடிக்கல."

விரல் உங்கள் லேபிளின் ஐந்தாவது வரியில் இருந்தது. அவ்வளவு நீளமாக ஒரு லேபிளை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. உள்ளே என்ன, முன்னாடி என்ன ஓடியது, யார் கழுவியது, யார் கட்டியது, விழுந்த பல்லுக்கு விசாரிப்பு. பாதி பொய்யாகிப்போன அந்த லேபிள்தான் அவளைப் பிரிக்கவிடாமல் உட்கார வைத்திருந்தது. நான் அங்கேயே துணிக்குவியலில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு என் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. மேலே சுற்றிய காகிதம் சுத்தம்தான் போலிருக்கிறது.

கோபம் வரவில்லை. அதுதான் நேற்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு தெரிந்த ஒரு மணி நேரத்தில் போனை எடுத்து "என் தப்பு" என்றீர்கள். எனக்கு அது ஒன்பது மாதமாக வரவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில், கனவில் இடது பக்கத்து ஜாடியைத் திறந்ததாக எழுதியிருந்தீர்கள். படித்தேன். படிக்காதது மாதிரி மடித்து வைத்துவிட்டு, உங்களுக்கு வலது ஜாடி என்று பதில் எழுதினேன். அன்றும் நீங்கள் இடதைத்தானே திறந்தீர்கள்? அவளுடைய ஜாடியை. அதற்கு முந்தின நாள் கடையிலிருந்து இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தேன். இரண்டும் ஒரே மஞ்சள். கால் வலியோடு நின்றுகொண்டே இரண்டு ஜாடியிலும் கொட்டினேன். நாள் முழுக்க மற்றவர்களின் மருந்துக்கு இரண்டு முறை படித்துப் பார்க்கிறவள், என் பெண்ணின் ஜாடிக்கு ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது நேராகக் குப்பைக்கூடைக்குப் போனேன். கொட்டிய உறைகளைப் பார்த்தால் எதை எதில் போட்டேன் என்று ஞாபகம் வரும் என்று. பிஸ்கட் உறை ஒன்றுகூட இல்லை. இரண்டு ஜாடியும் காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தன. சாட்சி இல்லை என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! நான் சரியாகத்தான் போட்டேன், நீங்கள்தான் மாற்றி எடுத்தீர்கள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன். சொல்லச் சொல்ல அதுவே நிஜமாகிவிட்டது. உங்களை வீட்டை விட்டு அனுப்பியும்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். என் தப்பு.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

*

ஏப்ரல் 26

என் மருந்துக்கடைக்காரிக்கு,

உன் கடிதத்தை வயல் நடுவில் நின்று படித்தேன். பனி விலகும் வரை அங்கேயே நின்றேன். ஆலைச் சங்கு ஊதியது, போகவில்லை.

உறை என்னிடம் இருந்தது.

அன்று உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவன் நான். அவள் போர்வை வேண்டும் என்றாய், அதை எடுக்க. குப்பைக்கூடையில் இரண்டு மஞ்சள் உறை கிடந்தன. இடது ஜாடியைத் திறந்தது நான்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு ஜாடியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக் கடித்துப் பார்த்தேன். இரண்டிலும் முந்திரி. இரண்டு பாக்கெட்டுமே முந்திரி பிஸ்கட்தான், மாற்றிப் போடக்கூட இல்லை நீ. ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்திருக்கிறாய். ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தேன், உறைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நம் இரண்டு பேரில் ஒருத்தர் கை நடுங்காமல் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு நடுங்கியது. உனக்கு நடுங்கவில்லை, அவள் உன் விரலைத்தான் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் உறையை எடுத்து உன் முன்னால் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நீ கோபப்பட ஆரம்பித்தாய். கோபப்பட்டால் உன்னால் நிற்க முடிந்தது. சரி, இவள் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

தியாகம் என்று நினைத்துவிடாதே. சில நாள் உன் மேல் கொதித்தது. டூல் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பானருக்கு அடியில் அந்த உறைகள் இருக்கும். ஒரு கவரில் போட்டு உனக்கு அனுப்பிவிடலாம் என்று தபால்பெட்டி வரை இரண்டு தடவை போயிருக்கிறேன். அதைப் பெரிய மனசு என்று சொல்ல முடியாது.

இன்று மதியம் அவற்றை உமி எரிக்கும் அடுப்பில் போட்டேன். மஞ்சள் நிறம் ஒரு நொடி இருந்தது, பிறகு இல்லை. சாக்கின் மேல் சாய்ந்தேன். முதல் தடவையாக ஒரு கனவும் வரவில்லை. சும்மா தூங்கினேன்.

வேறு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். குழாயிலேயே பிடித்து ஒட்டியது, மற்றவர்களுக்குப் போவது மாதிரி, எந்த ஸ்பெஷலும் இல்லை. கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எழுது.

எனக்கு லீவு சேர்ந்து கிடக்கிறது. உன்னைக் கேட்காமல் போடமாட்டேன்.

உன் ஃபிட்டர்

*

மே 4

டேய் ஃபிட்டர்,

பாக்கெட் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. இருபதாம் தேதியிலிருந்து தள்ளிப்போட்ட கிளினிக் நேற்றுதான். தோலில் குத்தியது, அரை மணி நேரம் ஆகியும் சிவக்கவில்லை. பிறகு நாக்கில் ஒரு துணுக்கு, பிறகு கால் கரண்டி, பிறகு அரை. நடுநடுவே அவள் என் காதில், "உள்ள பச்சையா இருக்கும்மா, வயல்தான உள்ள இருக்கு?" என்று கேட்டாள். நீ எழுதியதை எல்லாம் நான் படித்துக் காட்டியதன் விளைவு. நாலு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் எழுந்திருக்கவே இல்லை. "அம்மா, முடிஞ்சிருச்சு" என்று அவள்தான் என்னை எழுப்பினாள்.

இரண்டு பாக்கெட்டுமே முந்திரியா? மாற்றிப் போட்டேனோ என்று நினைத்து நினைத்து எத்தனை நாள் அந்த இரண்டு ஜாடியையும் மனசுக்குள் தூக்கித் தூக்கி வைத்திருப்பேன்! உன் மேல் இப்போது கோபம் வருகிறது. உண்மையாகவே வருகிறது. பத்து மாதம் நான் கெட்டவளாக இருக்கவும் நீ நல்லவனாக இருக்கவும் நீயே முடிவு செய்துகொண்டாய். இதற்கு நேரில் சண்டை போட வேண்டும், தபாலில் போதாது. லீவு போடு.

இன்று காலை அலமாரியில் இருந்த அத்தனை ஜாடியையும் இறக்கினேன். கடையிலிருந்து ஒரு ரோல் லேபிள் வாங்கி வந்திருக்கிறேன். உப்பு, சீனி, பருப்பு என்று நான் எழுத, அவள் நக்கி நக்கி ஒட்டினாள். ஒட்டும் லேபிளை நக்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நம் வீட்டுக் கண்ணாடி முழுக்க இப்போது எழுத்து. பழகிவிடும்.

கிளினிக்கில் மிச்சமான விதையை இடது பக்கத்து ஜாடியில் கொட்டி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். காலையில் கஞ்சியில் தூவித் தருகிறேன் என்றேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என் கையால் வேண்டாமாம். அந்த ஜாடியின் லேபிளை என்னை எழுத விடவில்லை. விரலை வைத்து மறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவளே எழுதினாள். உன் லேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதியது. எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அப்படியே கீழே தருகிறேன்.

உள்ளே: ஹெம்ப் விதை.
முன்னாடி இருந்தது: பிஸ்கட்.
கழுவினது: அம்மா.
திறக்க வேண்டியவர்: அப்பா.